குளோரி பிரித்த மூட்டை

சட்டையை உதறி, பொத்தான்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, அக்குள் பகுதியை முகர்ந்தார் குளோரி. முகம் சுருங்கியது. "சவத்த அங்கோட்டு எறி ஏட்டி," என்று பக்கத்து வீட்டு ஞானசெல்வியிடம் வீசினார்.

நேபாளத்தில் நிலநடுக்கம் வந்து பத்து நாள். குளச்சல் பக்கத்துக் கோயில் கூடத்தில் நிவாரணத் துணி குவிந்து கிடக்கிறது. காலையில் மீன் விற்றுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பதினொரு மணிக்குத் துணி பிரிக்க வந்து உட்கார்ந்துவிடுவார் குளோரி. யாரும் நியமிக்கவில்லை. எழுந்திருக்கச் சொல்லவும் யாருக்கும் தைரியமில்லை.

சுனாமியில் வீடு போனபோது இதே கூடத்தில் வரிசையில் நின்றவர். கிடைத்தது ஒரு கம்பளிக் கோட்டும் ஒரு சோடிச் செருப்பும். "ரெண்டும் எடது காலு. போட்டு நடந்தா வட்டமாத்தான் சுத்தணும்," என்பார், சிரிக்காமல்.

மார்த்தாண்டத்துத் துணிக்கடைக்காரர் ஜெயசிங் பன்னிரண்டு மூட்டை அனுப்பினார். பிரித்தால், விலைபோகாத சிஃபான் சேலைகள், சமிக்கி வைத்தவை. வந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டார் குளோரி. மறுநாள் ஜெயசிங்கே வந்தார்.

"ஏன் திருப்பி விட்டிய? எல்லாம் புதுசாக்கும்."

"புதுசுதான் சாரே. இங்க வேவுத வெயிலுல எனக்குக் கோட்டு தந்தானுவ. அங்க வெறைக்குத குளிருல நீரு சல்லடையத் தாரீரு. இத உடுத்திட்டு ஒம்ம வீட்டுக்காரவிய பனியில நிப்பாவளா?"

ஜெயசிங் கடைக்குத் திரும்பினார். இரண்டு நாளில் நாற்பது கனத்த போர்வைகள் வந்தன. நல்ல போர்வைகள். கூடவே, போர்வையைவிட நீளமான, கடைப் பெயர் போட்ட பேனரோடு ஜெயசிங்கும் ஒரு புகைப்படக்காரரும் வந்தார்கள்.

அங்கேதான் சிக்கல். கொடுப்பவர் இருக்கிறார், போர்வை இருக்கிறது. வாங்க வேண்டியவர்களோ எங்கோ நேபாள மலையில். "பாவப்பட்ட ஆளு யாராவது ஒண்ணு வேணுமே," என்று புகைப்படக்காரர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லார் கண்ணும் குளோரியிடம் வந்து நின்றது.

"நீங்க சுனாமியில பட்டவியதானே? சும்மா ஒரு நிமிசம் கைய நீட்டினா போதும்," என்றார் ஜெயசிங்.

குளோரி எழுந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பேனரின் முன்னே போய் நின்றார். ஜெயசிங் நீட்டிய போர்வையை வாங்கி, விரித்து, புகைப்படக்காரர் "ரெடி" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அதை அவர் தோளையே சுற்றிப் போர்த்தி, இரண்டு முனைகளையும் கழுத்தடியில் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.