ஆழம் பார்த்த வெள்ளைக்காரர்

அறுபதுகளில் கடலூரை ஒட்டிய எங்கள் மீனவர் குப்பத்துக்கு முதல் விசைப்படகு வந்தது. நம் அரசும் ஏதோ ஒரு வெளிநாட்டு அரசும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. அதுவரை எங்களுக்குக் கட்டுமரம்தான்.

படகோடு வந்த வெள்ளைக்காரப் பொறியாளர் என்னையும் என் மாமனாரையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போனார். ஓரிடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் பார்த்தார்.

மாமனாருக்குப் பொறுக்கவில்லை. சிதம்பரத்திலிருந்து துணைக்கு வந்திருந்த அதிகாரியிடம், "எங்க கடலு ஆழம் இவுருக்கு எதுக்கு சார்? கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

பொறியாளர் கைகளை ஆட்டி வெகுநேரம் விளக்கினார். அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, "எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்" என்றார்.

"அவ்ளோ பேச்சுக்கு இவ்ளோதான் அர்த்தமா மாப்ள?" என்று மாமனார் என் காதில் முணுமுணுத்தார். எனக்கும் அதுதான் உறுத்தியது.

படகு நன்றாகவே ஓடியது. சில மாதங்களில் வலை நிறைய இறால் வந்தது. கரையில் ஐஸ் பெட்டிகளோடு ஒரு லாரியும் வந்து நின்றது. இதெல்லாம் எங்கே போகிறது என்று டிரைவரைக் கேட்டேன்.

"ஃபாரினுக்கு" என்றார் அவர்.

அதைக் கேட்ட மாமனார் அப்புறம் அந்தப் படகில் கால் வைக்கவேயில்லை. நான் தினமும் ஏறினேன், நம்பிக்கையில்லாமலேயே.