போனில் இருக்கிற அப்பா

லாரி கேபினின் இரண்டு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு, யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்து, போனை வாயோடு ஒட்டவைத்துக்கொண்டுதான் சென்னிமலை தாலாட்டு பாடுவார். சத்தீஸ்கர் வெயிலில் கேபின் அடுப்பாகக் காயும். வியர்த்து ஊற்றினாலும் கண்ணாடியை இறக்கமாட்டார். ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் டிரில்லர் வேலை. முறுக்கிய மீசையோடு ஆராரோ பாடுவது வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று அவருக்கு நினைப்பு.

அந்த மானம் போய் வெகுநாளாயிற்று. டிரைவர் தீர்த்தகிரி ஒருநாள் கேபின் கதவைத் திறந்து, "யாருகிட்டப்பா பேசற?" என்றதற்கு, "மொதலாளிகிட்ட" என்று சொல்லிவைத்தார்.

"எந்த மொதலாளிப்பா ஆராரோ கேக்கறாரு?"

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்தால், "மொதலாளி கூப்புடுவாரு, போப்பா" என்று எல்லோருமே சொல்கிறார்கள். சென்னிமலை தலையைக் குனிந்தபடி கேபினில் ஏறுவார். ஏறாமல் மட்டும் இருந்ததில்லை.

பாட்டில் பாதி அவர் அம்மா பாடியது. மறந்துபோன பாதிக்கு வேலையிடத்திலிருந்து ஒட்டுப் போட்டிருக்கிறார். "கல்லும் ஒடஞ்சாச்சு, கண்ணே ஒறங்கு, தண்ணி பொங்கியாச்சு, தங்கமே ஒறங்கு" என்று போகும். போட்ட துளையில் வெறும் புழுதி பறந்த நாளிலும் பாட்டில் தண்ணீர் பொங்கிவிடும். அந்தக் காடுகளில் வீடியோ கால் நிற்காது. குரல் மட்டும்தான் ஊருக்குப் போய்ச் சேரும். மகள் இனியா தவழ்ந்துகொண்டிருந்தபோது கிளம்பி வந்தவர். இப்போது அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள்.

மழை பிடித்து வேலை நின்றதும் இந்த ஆனியில் ஊர் திரும்பினார். திருச்செங்கோட்டில் இறங்கி முகம் மழித்துக்கொண்டு, ஒரு கிலுகிலுப்பை வாங்கினார். அந்த வயதை மகள் தாண்டிவிட்டது அவருக்கு உறைக்கவில்லை. அவர் உள்ளே வந்ததும் குழந்தை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மதியம் தூளியை ஆட்டியபடி அதே பாட்டைத் தொண்டை திறந்து பாடினார். பிள்ளை வீறிட்டது. "இந்த மாமா வேண்டாம், அப்பா பாடோணும்" என்று மேசைமேல் கிடந்த போனைக் காட்டியது.

பக்கத்து வீட்டு மஞ்சுளா வாசலில் நின்று சிரித்தார். சென்னிமலைக்கு முகம் சுருங்கிவிட்டது. பெற்ற பிள்ளையே தெரியாதவனாகப் பார்த்ததைவிட, அதை அடுத்த வீட்டார் பார்த்ததுதான் அவரை முதலில் சுட்டது. அப்படிச் சுட்டதை எண்ணி இன்னும் கூசிப்போனார்.

மனைவி அறிவுச்செல்வி குரலைத் தணித்து, "கோவிச்சுக்காதீங்க. செத்த நேரம் வெளிய போயி போன்ல பாடுங்க. புள்ள தூங்கட்டும்" என்றார்.

கிணற்று மோட்டார் ரூம் ஓரமாகப் போய் நின்று, எதிரே தெரிந்த தன் வீட்டுக்கே போன் போட்டார். இரண்டு வரி பாடியதும் அழுகை நின்றது.

"அப்பா, எப்ப வருவ?"

கேள்வி போனிலும் வந்தது, சன்னல் வழியாகவும் வந்தது.

"வாரேன் சாமி" என்றார். சன்னலிலிருந்து பார்த்தால் தெரிந்துவிடுவோமோ என்று சுவரோடு ஒட்டிக் குந்திக்கொண்டு, விட்ட வரியிலிருந்து பாடத் தொடங்கினார்.