துரை உள்ளே இருந்தால் விசில் இல்லை

பூங்கா வாசலில் நிற்கிற வேலை என்றால் பூவைப் பார்த்துக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நினைக்கிறவர்கள், என் கழுத்தில் தொங்கும் விசிலை ஒரு நாள் வாங்கி மாட்டிப் பார்க்கட்டும். பஸ் படிக்கட்டிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் தியேட்டர் கதவிலும் நின்று ஜனங்களோடு மல்லுக்கட்டும் என் இனத்தாரே, உங்களுக்கு மனிதர்கள் மட்டும்தான். எனக்குக் காட்டெருமையும் சேர்த்து.

ஊட்டியிலிருந்து குன்னூர் போகிற வழியில், ஒரு பக்கம் தேயிலையும் மறுபக்கம் சோலைக்காடுமாக இருக்கிறது எங்கள் பூங்கா. மாலையானால் அந்தக் காட்டிலிருந்து ஒற்றைக் காட்டெருமை ஒன்று வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே வரும். எஸ்டேட்டுகளில் மேனேஜரைத் துரை என்பார்கள். துரை வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். இதற்கும் அதே மரியாதை என்பதால் அதே பெயரை வைத்துவிட்டோம்.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. போதாக்குறைக்கு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் நாத்தனாரை இப்படி ஒரு காட்டெருமை முட்டித் தூக்கிப் போட்டது. இன்றைக்கும் கோல் ஊன்றித்தான் நடக்கிறாள். என் காவலில் யாருக்கும் அப்படி ஆகிவிடக் கூடாது. தினமும் வாசலைத் திறக்கும்போது நான் செய்கிற ஜெபம் அது ஒன்றுதான்.

எருமை எத்தனை மணிக்கு?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. யாரோ போனில் எடுத்துப் போட்ட வீடியோவில் துரையைப் பார்த்துவிட்டு, அதற்காகவே மலையேறி வந்திருக்கிறார்கள். குடும்பத்தலைவி என்னிடம் விசாரித்தார். "அது வரக் கூடாதுன்னுதாங்க நான் வேண்டிக்கிட்டு நிக்கிறேன்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

சரி, விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று நாத்தனார் கதையை ஆதியோடந்தமாகச் சொன்னேன். இடுப்பெலும்பு நொறுங்கிய இடத்தை என் இடுப்பிலேயே தொட்டுக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உச்சுக்கொட்டினார். பிறகு சொன்னார்:

"அதெல்லாஞ் செரிங்க. எத்தனை மணிக்கு வரும்னு சொன்னீங்கன்னா, அதுக்குள்ள ஒரு டீ குடிச்சுட்டு வந்தர்றோமுங்க."

மாப்பிள்ளை தட்டிய கை

புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று. துரை புல்வெளியில் தலையைக் குனிந்து மேய்ந்துகொண்டிருக்கிறது. மாப்பிள்ளை அதற்கு முதுகைக் காட்டி நின்று போனை உயர்த்திப் பிடித்தார். எருமை நிமிர்ந்து பார்த்தால் படம் நன்றாக வரும் என்று தோன்றியதோ என்னவோ, மறு கையைத் தொடையில் தட்டிக் கூப்பிட்டார். வழக்கம்போல விசிலை எடுத்து, மூச்சு உள்ள மட்டும் ஊதினேன்.

துரை நிமிர்ந்தது. கைதட்டிய மாப்பிள்ளையை அது கண்டுகொள்ளவில்லை. விசில் வந்த திசையைப் பார்த்துப் புஸ்ஸென்று மூச்சு விட்டுப் புறப்பட்டது. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடி டிக்கெட் அறைக்குள் விழுந்தேன். அது வாசல் கம்பத்தைச் சாய்த்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கிப் போயிற்று. எங்கள் தோட்டக்காரர் போஜண்ணன், சோலூர்க்காரர், அன்றைக்கு ஒரு சட்டம் போட்டார்: துரை உள்ளே இருந்தால் விசில் பையில் இருக்க வேண்டும், கையைக் காட்டித்தான் ஆட்களை வெளியேற்ற வேண்டும். நான் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை போனை நீட்டினார்.

"அக்கா, எருமை சரியா விழல, நீங்க ஓடுறதுதான் வந்திருக்கு. இன்னொரு தடவை ஊதுறீங்களா?"

கம்பியைப் பிடித்த கை

சட்டம் போட்டது சுலபம். மூடுபனி இறங்கிவிட்டால் நான் காட்டுகிற கை எனக்கே தெரியாது. அப்படி ஒரு சாயங்காலம், துரை மேல்பக்கம் நின்றுகொண்டிருந்ததால் மூடும் நேரத்து விசிலை ஊதவில்லை. பாதை பாதையாகப் போய்க் காதோடு காதாகச் சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினேன். பூட்டைப் போட்டுத் திரும்பினால், பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்து உள்பக்கமாகக் கேட் கம்பியைப் பிடித்தது. சட்டம் எல்லாம் மறந்து வீறிட்டுவிட்டேன். கழிவறையிலிருந்து வந்த திருப்பூர்ப் பெரியவர் அவர். நல்ல வேளை, துரை அதற்குள் காட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டேன். அவர் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு சொன்னார்:

"ஏனுங்க, உள்ள வெச்சுப் பூட்டுனதும் நீங்க, பயந்து கத்துறதும் நீங்களா?"

அன்றிலிருந்து, யாரை உள்ளே விட்டுவிட்டுப் பூட்டப்போகிறேனோ என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

ஊஞ்சல் சத்தம்

அந்தப் பயம் பலித்த நாளைச் சொல்கிறேன். அன்றும் மூடுபனி. மதுரையிலிருந்து வந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பாதை வழியாக வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளை அப்பாவோடு இருக்கிறாள் என்று அம்மா நினைத்திருந்தார். அம்மாவோடு இருக்கிறாள் என்று அப்பா நினைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கே இன்னும் போகாத பெண் குழந்தை. மூவரும் ஒரே நேரத்தில் உள்ளே பார்த்தோம். பாதையின் நடுவில், நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில், துரை நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், பனிக்குள்ளே, ஊஞ்சல் கிறீச் கிறீச்சென்று ஆடுகிற சத்தம்.

அந்த அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். கத்தினால் துரை மிரளும். இல்லையென்றால் குழந்தை குரலைக் கேட்டு நேரே அதன் கொம்புக்கு ஓடி வரும். இரண்டில் எதை நினைத்தாலும் நாத்தனாரின் கோல்தான் கண்ணில் வந்தது. பின்னாலிருந்து வந்த போஜண்ணன் என் காதருகே, "எஸ்தரு, அந்தம்மாவச் சத்தம் போட உடாத, நான் கீழாலே போறேன்" என்று சொல்லிவிட்டுத் தேயிலைப் பக்கமாக நழுவினார். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருந்தவரைக்கும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று இருந்தோம். அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

துரை காதை ஆட்டிற்று, புல்லைக் கடித்தது, நின்றது. எவ்வளவு நேரம் போயிற்றோ தெரியாது. வேலிச் சந்து வழியாகப் போஜண்ணன் ரோட்டுக்கு ஏறி வந்தார். தோளில் குழந்தை, அவர் குல்லாயைத் தலையில் மாட்டிக்கொண்டு. அவர்தான் ஊஞ்சலை நிறுத்தி அவளைத் தூக்கியிருக்கிறார். அந்த அம்மா பிள்ளையை வாங்கி அணைத்து, அழுது முடித்து, என்னிடம் வந்தார். நாலு அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"நீங்க வாயப் பொத்துனப்ப, கையக் கடிச்சுட்டுக் கத்தத்தேன் நெனச்சேன். ஆனா அந்தக் கை என்னைய விட நடுங்குச்சு பாருங்க, அதுலதேன் நெலம புரிஞ்சு கம்முன்னு நின்னேன்."

வாசல் காவலுக்கு இனிமேல் ஆள் எடுத்தால் தைரியசாலிகளைக் கழித்துவிட்டு என்னைப் போல உதறுகிறவர்களாகப் பார்த்து எடுங்கள் என்று மேலிடத்தில் சொல்லலாமென்றுதான் இருக்கிறேன், சொல்லத்தான் பயமாக இருக்கிறது.