சுவரைப் பார்க்கிறவர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'சுவர்க்காரர்' என்றால்தான் தெரியும். கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவருக்கு இப்படியொரு பெயரா என்று கேட்டால், ஒருமுறை அவர் கடையில் பாஸ்வேர்டு அடித்துப் பாருங்கள், புரிந்துவிடும். நீங்கள் விரலை நீட்டுவதற்குள் மனிதர் நாற்காலியோடு திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். நீங்கள் "ஆச்சு" என்று சொன்னால்தான் மறுபடி இந்தப் பக்கம். ஒருவர் அடித்து முடித்துவிட்டு, சொல்ல மறந்து டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்தால் இவர் இன்னும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்காமல் இருந்தாரே தவிர, பார்க்கத் தெரியாதவர் இல்லை. மெயில் மென்பொருளில் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்துவிட்டு, திரையில் கறுப்புப் புள்ளிகள் தெரிவதால் பத்திரமாக இருக்கிறது என்று நம்புகிறவர்கள்தான் ஊரில் பாதிப்பேர். அவர் செட்டிங்ஸுக்குள் போய் ஒரு பொத்தானைத் தட்டுவார். புள்ளிகள் எல்லாம் எழுத்துகளாக மாறி நிற்கும். வந்தவர் முகம் வெளிறிவிடும்.

"பூட்டைப் போட்டுட்டுச் சாவியை அதுலயே தொங்கவிட்டிருக்கீங்க" என்பார். பிறகு அர்ச்சனை தொடங்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டிவைக்கும் மென்பொருள் இருக்கிறது, அதற்கு மாஸ்டர் பாஸ்வேர்டு என்று ஒன்று போட வேண்டும், அதை எங்கேயும் எழுதக் கூடாது, யாரிடமும் சொல்லக் கூடாது.

"யார்கிட்டயுமேவா?"

"கட்டின பொண்டாட்டிகிட்டகூட."

அவர் மனைவி ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். வீட்டில் ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு சிவப்புப் பேனா. அதுதான் அவருடைய ராஜ்ஜியம். பிழை என்றால் அந்த அம்மாளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் புருஷனின் கடைப் பலகையில் 'பழுது பார்கப்படும்' என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தெருவிலேயே நின்று சிரித்தார். "முதல்ல பலகையைப் பழுது பாருங்க" என்றார். வீம்புக்கென்றே இவர் இருபத்திரண்டு வருஷமாக விட்டுப்போன அந்த 'க்' ஒற்றைச் சேர்க்கவில்லை.

மனைவியின் கம்ப்யூட்டரில் அந்தப் பூட்டு மென்பொருளைப் போட்டுக்கொடுத்தது இவர்தான். இருப்பதிலேயே நல்லது எது என்று ஒரு வாரம் தேடி, மூன்றைச் சோதித்து, நான்காவதைப் போட்டார்.

"நான் என்ன ராணுவ ரகசியமா வச்சிருக்கேன்?"

"போடு. நீளமா போடு." சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. "என்ன, கட்டுரையா எழுதற?" என்றார். "பேசாம சுவரைப் பாருங்க." அதன்பிறகு சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் "ஆச்சு" என்று குரல் வந்தது. திரும்பினால் அந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "எப்பவோ ஆச்சு. நான் சொல்லி நீங்க இவ்வளவு நேரம் அசையாம இருந்து பார்த்ததே இல்லையே, அதான்."

பிறகு அந்த அம்மாளுக்கு இருமல் வந்தது. நுரையீரல் என்றார்கள். நான்கு மாதம் வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டார். மதிய நேரங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ அடித்துக்கொண்டிருந்தார். அச்சக வேலையை நிறுத்திவிட்டாளே, என்ன அடிக்கிறாள் என்று அவர் யோசிக்கத்தான் செய்தார். ஆனால் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் காலை, பார்வையாளர் நேரத்தில், அந்த அம்மாள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார்.

"உங்களுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். நீங்க போட்டுக்குடுத்த பூட்டுக்குள்ளதான், குறிப்பு எழுதற இடத்துல."

"வீட்டுக்கு வந்து நீயே காட்டு."

"வராட்டி? பாஸ்வேர்டைச் சொல்லிடறேன், கேட்டுக்கோங்க."

"சொல்லாத. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பச்சை வண்ணம் உரிந்த ஆஸ்பத்திரிச் சுவர். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அடங்க நேரம் பிடித்தது. "சரி விடுங்க. ஊர்ல எல்லாரோடதையும் திறக்கறவர், என்னோடதைத் திறக்க மாட்டீங்களா" என்றார்.

அன்று சாயங்காலம் தொண்டையில் குழாய் வைத்தார்கள். அதற்குப்பின் பேச்சில்லை. இரண்டு நாளில் முடிந்துவிட்டது.

தொழில் நேர்மையால்தான் அவர் அதைக் கேட்க மறுத்தார் என்று நினைத்தால் அது தப்பு. அவருக்குப் பயம். அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டால், நீ போகலாம் என்று தானே சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தார். சுவர் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

எட்டு மாதமாக அந்தப் பூட்டைத் திறக்க முயன்றுகொண்டிருக்கிறார். கல்யாண நாள், வீட்டு எண், அந்த அம்மாள் அதிகம் திருத்திய சொற்கள். 'பார்க்கப்படும்' என்று ஒற்றோடு அடித்த நாளில் நிச்சயம் இதுதான் என்று நினைத்தார். 'தவறு' என்றது திரை. வாழ்நாளெல்லாம் ஊரார் தவறைச் சிவப்பில் சுழித்தவளின் மேசையில், தினமும் அவருக்குத் தவறு விழுகிறது. அந்த மென்பொருளை உடைக்கக் கருவி எதுவும் கிடையாது. தலைகீழாக நின்றாலும் முடியாது. அது அவருக்குத் தெரியும். அதனால்தானே அதைத் தேர்ந்தெடுத்தார்.

போன வாரம், முன்பே ஒருமுறை வந்திருந்த ஒரு பெண் அப்பாவின் கம்ப்யூட்டரோடு கடைக்கு வந்தார். அப்பா இறந்துவிட்டாராம், அவருடைய மெயிலைத் திறக்க வேண்டும், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. அப்பா எந்தப் பூட்டும் போடாத மனிதர். இவர் பொத்தானைத் தட்டி, காகிதத்தில் அச்செடுத்து, கண்ணால் பார்க்காமலே மடித்துக் கொடுத்தார். இரண்டு நிமிஷ வேலை. அந்தப் பெண் பிரித்துப் பார்த்துவிட்டு அழுதார்.

"உங்க வீட்ல இருக்கறவங்க குடுத்து வச்சவங்க சார்" என்றார் போகும்போது.

இவர் அந்தப் பெண்ணை நிறுத்தினார். பிறகு, "உங்களோடதுக்கு நல்ல பூட்டா போட்டுக்கோங்க. போட்டுட்டு வீட்ல ஒருத்தர்கிட்ட சொல்லி வைங்க" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதானே போன தடவை சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பா சொல்லிட்டேன்."

அன்று மதியமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். ஜன்னலோர மேசையில் இருந்த கம்ப்யூட்டரை ஆன் செய்தார். மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்டுக் கட்டம் வந்து நின்றது. அடிப்பதற்குச் சொல் எதுவும் மிச்சமில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, அந்த அம்மாளின் நாற்காலியை மேசைக்கு நேராக இழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் முக்காலியைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

வெயில் ஜன்னலைவிட்டு இறங்கும்வரை அப்படியே இருந்தார். யாரும் "ஆச்சு" என்று சொல்லவில்லை.