தையல் மெஷினோடு வந்த விருந்தாளி

"வந்தாரை வரவேற்பதில் வள்ளல்; உறவைப் போற்றுவதில் உத்தமர்; கோவை மண்ணின் மரியாதைக்கு நடமாடும் சான்று." 1996 பொங்கலன்று ரங்கா லே-அவுட் குடியிருப்போர் நலச் சங்கம் லட்சுமணசாமிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வழங்கிய வாழ்த்து மடலில் இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அந்த அளவுக்கு அது நம்பத்தகுந்த ஆவணம்.

மடலுக்குக் காரணமான விருந்தாளி, முந்தைய ஆண்டு ஜூன் பத்தொன்பதாம் தேதி காலையில் அவர் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினாள். பெயர் பத்மாவதி. லட்சுமணசாமியின் ஒரே தங்கை. சிங்காநல்லூரில் அதே வீட்டில் பிறந்தவள். சோலாப்பூரில் மில் வேலையிலிருந்த கணவர் மாசியில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் வீட்டில் அடுப்படி ஓரமாகப் படுக்க இடம் கொடுத்தார்கள். கூடவே அடுப்பையும் கொடுத்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவள் மனதில் இருந்தது ஒன்றுதான்: பிறந்த வீட்டின் மேற்கு அறை. அப்பா போனபிறகு யாரும் புழங்காத அறை. ஒரு பக்கம் கட்டில், ஜன்னல் பக்கம் தையல் மெஷின். அதனால் மெஷினையும் கொண்டுவந்திருந்தாள். கடிதத்தில் வருகிறேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். மிச்சம் மெஷினைப் பார்த்தாலே புரிந்துவிடும் என்று நினைத்தாள்.

புரிந்துவிட்டது. சிக்கலே அதுதான்.

அந்தக் குடும்பத்தில் வீட்டுக்குள் தெலுங்கு. பால்காரர், போஸ்ட்மேன், விருந்தாளி என்று வெளியிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழ். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. எழுதி வைக்காததால் யாரும் மீறியதுமில்லை. பத்மாவதி கேட்டைத் தள்ளிக்கொண்டு தெலுங்கில்தான் கூப்பிட்டாள்: "அன்னா!"

லட்சுமணசாமி கை கூப்பினார். "வாங்க அம்மணி, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?"

கூடப் பிறந்தவளுக்கு வாங்க போங்க! விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். அவர் மனைவி சாந்தாமணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "எத்தனை நாளைக்குங்க வந்திருக்கறீங்க?" என்றாள், அதுவும் தமிழில். பத்மாவதியின் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆட்டோக்காரர் மெஷினை இறக்கிக் கயிற்றில் கை வைத்தார். லட்சுமணசாமி தடுத்தார். "கட்டு அப்படியே இருக்கட்டுங்க. போறப்ப மறுக்கா கட்டோணுமில்லீங்களா? கார் ஷெட்டுல வெச்சுப்போடுங்க."

ஹாலில் அவளுக்குக் கட்டில் விரித்தார்கள். தாகமென்று அடுப்படிக் குழாயில் டம்ளரைப் பிடித்தால், சாந்தாமணி ஓடிவந்து வாங்கிக்கொண்டாள். "ஐயோ, அது போர்த் தண்ணிங்க. அது எங்களுக்கு. உங்களுக்குன்னு சிறுவாணி புடிச்சு வெச்சிருக்கறேன்." ஒருத்தியை வெளியே தள்ள இவ்வளவு ருசியான தண்ணீர் வேறு ஊரில் கிடைக்காது. கதவுக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் தெலுங்கில் பேசிக்கொள்வது கேட்கும். அவள் உள்ளே நுழைந்தால் இருவரும் தமிழுக்கு மாறிவிடுவார்கள்.

மறுநாளிலிருந்து ஊர் பார்க்கும் வேலை தொடங்கியது. கோவைக்காரர்களுக்குக் கோவையைப் பார்க்க ஒரு விருந்தாளி வேண்டும். இல்லாவிட்டால் மருதமலையைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தே ஆயுள் முடிந்துவிடும். லட்சுமணசாமி பழைய பியட்டைத் துடைத்து, காலை ஏழரைக்கு ஹாரன் அடிப்பார். பேரூர், மருதமலை, அவிநாசி, வ.உ.சி. பூங்கா, கோபிக்கு அந்தப் பக்கம் கொடிவேரி. சாயங்காலம் திரும்பும்போது பத்மாவதிக்கு அறையைப் பற்றிப் பேச விஷயம் இருக்கும், தெம்பு இருக்காது.

மருதமலைப் படிக்கட்டில் அவர் மூச்சு வாங்க உட்கார்ந்த நேரம் பார்த்துக் கேட்டாள். மேற்கு அறை சும்மாதானே கிடக்கிறது, அதை எனக்குக் கொடு, என் சோற்றை நானே பொங்கிக்கொள்கிறேன், நாலு ஜாக்கெட் தைத்தால் என் பாடு கழியும் என்று தெலுங்கில், ஒரே மூச்சில், சொல்லிவிட்டாள்.

அவர் மலையைப் பார்த்தார். "காத்து எப்படீங்க? சோலாப்பூர்ல இந்தக் காத்து வருமுங்களா?"

அன்னா, நான் அறையைக் கேட்கிறேன் என்றாள் மறுபடி.

"விருந்துக்கு வந்தவங்க சோறு பொங்கறதாவது! அப்பறம் என்ற மூஞ்சிய எங்கீங்க கொண்டுபோய் வெக்கறது?" என்று எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் காட்டுவதற்கு இடம் தீர்ந்துபோயிற்று. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்துக்குக் காரை எடுத்து, கரையில் நிறுத்தி, "இதுதானுங்க சிங்காநல்லூர்க் கொளம்," என்று கையை நீட்டினார்.

பத்து வயதில் பத்மாவதி வழுக்கி விழுந்த குளம் அது. தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டு, முதுகில் இரண்டு வைத்துவிட்டு, அவளைவிடச் சத்தமாக அழுதவர் இதே லட்சுமணசாமிதான்.

பத்மாவதி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ரொம்ப ஆழமுங்களா?" என்று தமிழில் கேட்டாள்.

பன்னிரண்டு நாளில் அவள் அவரிடம் பேசிய முதல் தமிழ். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "ஓரத்துல இல்லீங்க. உள்ள போனாத்தான்."

அன்று மாலை ஒரு புதுச் சேலையின் மேல் ரயில் டிக்கெட்டை வைத்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை குர்லா எக்ஸ்பிரஸ், சோலாப்பூர் வரை. "ஜன்னலோரமாக் கேட்டு வாங்கினனுங்க," என்றார். பத்மாவதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். முன்பதிவு செய்த தேதி ஜூன் ஒன்பது. அவள் வந்து இறங்குவதற்குப் பத்து நாள் முன்பு; அவள் கடிதம் வந்து சேர்ந்திருக்கக்கூடிய நாள்.

டிக்கெட்டை மடித்தாள். "நல்லாக் கவனிச்சீங்க. உங்களுக்குத்தான் ரொம்பச் சிரமம் கொடுத்துப்போட்டேன்."

"சிரமமென்னங்க? அடிக்கடி வந்துட்டுப் போங்க," என்றாள் சாந்தாமணி.

காலையில் மெஷினை டிக்கியில் ஏற்றுவதில் தாமதமே ஆகவில்லை. சோலாப்பூரில் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு லட்சுமியம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "தங்கச்சியத் தெனமும் கார்ல வெச்சுச் சுத்திக் காட்டறாரே, இப்படியொரு அண்ணன் ஆருக்குங்க கெடைக்கும்?" என்று கண் கலங்கினாள். அவள் வீட்டுக்காரர் சங்கச் செயலாளர்.

வாழ்த்து மடலை மேற்கு அறையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். அந்த அறையில் வேறொன்றும் இல்லை.

லட்சுமணசாமி செய்தது இதுதான்: தங்கை வருவதற்கு முன்பே அவளைத் திருப்பியனுப்ப டிக்கெட் எடுத்தார், காலியாகக் கிடந்த ஓர் அறையைக் கேட்டவளுக்குப் பன்னிரண்டாம் நாள்வரை ஊரைச் சுற்றிக் காட்டினார், பதிமூன்றாம் நாள் ரயிலேற்றினார்.