இன்னைக்கு ரெஸ்ட்

ஊட்டி மைதானத்தில் யாராவது காலுக்குத் தைலம் தேய்த்தால் போதும், எனக்குப் பதின்மூன்று வயதாகிவிடும்.

அப்போது தேயிலை விலை விழுந்து கிடந்தது. ஃபேக்டரிக்கு இலை வேண்டாத காலைகளில் மேஸ்திரி, அம்மாவைப் போலக் கொழுந்து பறிப்பவர்கள் குடியிருந்த எங்கள் லயத்து வாசலில் நின்று, "இன்னைக்கு ரெஸ்ட்" என்பார். வேலையும் இல்லை, கூலியும் இல்லை என்று அர்த்தம்.

நானோ காலையும் மாலையும் சரிவுப் பாதையில் ஓடி ஓடி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலித்து நொண்டினேன். எஸ்டேட் டாக்டர் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசம் ரெஸ்ட்" என்றார்.

அம்மாவின் முகம் வெளிறியது. "ஏனுங்க டாக்டர், புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு? நிறுத்திப்போடாதீங்க. ஓடுனாத்தான் விளையாட்டு ஹாஸ்டல்ல சேத்துவாங்க."

"இது அந்த ரெஸ்ட் இல்லீங்கம்மா. எலும்பு அசந்து போச்சு. ஆறுனா நல்லா ஓடும்."

"அப்ப திரும்பக் கூப்புடற ரெஸ்டுதானுங்களே?"

அதன்பிறகு தோழிகள் ஓடக் கூப்பிட்டால் அம்மா வாசலை மறித்து நின்று, "எம்புள்ள ரெஸ்டுல இருக்குது" என்பாள், மேனேஜர் தோரணையில்.

அடுத்த வருடம் ஓடினேன். ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான்; இன்று இதே மைதானத்தில் பயிற்சியாளர். நேற்று, முழங்கால் வீங்கி அழுதபடி உட்கார்ந்திருந்த சிறுமியிடம் ஓட்டத்தை நிறுத்தச் சொல்வதற்கு முன், அவள் திரும்பி வரவேண்டிய தேதியை உள்ளங்கையில் எழுதிக் கொடுத்தேன்.