ஹெல்மெட்டுக்குள் ஓர் ஊழியர்

பிரதர் சற்குணம் ஜெபிக்கும்போது ஸ்கூட்டரின் இன்ஜினை அணைப்பதில்லை. அது வாசலில் நடு ஸ்டாண்டில் நின்று படபடத்துப் புகை விட்டுக்கொண்டிருக்கும். அவர் உள்ளே நோயாளியின் நெற்றியில் கை வைத்து உருகிக்கொண்டிருப்பார். 'ஆமென்' என்ற சொல்லின் முதலெழுத்து வாயிலிருந்து கிளம்பும்போதே ஒரு கால் வாசற்படியில் செருப்பைத் துழாவத் தொடங்கிவிடும். அயப்பாக்கத்துச் சபையில் நோயாளிகளை விசாரிக்கும் ஊழியத்துக்கு இவரே பொறுப்பாளர். சளி பிடித்தவருக்கும் சாகக் கிடப்பவருக்கும் ஒரே அளவு ஜெபம்தான். பாரபட்சம் பார்க்க நேரம் வேண்டுமே.

இன்ஜினைப் போலவே ஹெல்மெட்டும். வீட்டுக்கு வெளியே அதைக் கழற்றி அவரை யாரும் பார்த்ததில்லை. முழுமுகம் மூடும் ரகம், முன்னால் கறுப்புக் கண்ணாடி. அதனால் ஜெபத்தில் கண்ணை மூடுகிற வேலை மிச்சம். இடது காதுக்கும் உள்பஞ்சுக்கும் நடுவே கைபேசியைச் செருகிவைத்திருப்பார். அது எப்போதும் யாருடனாவது பேசிக்கொண்டே இருக்கும். "கர்த்தாவே, இந்த மகளோட மூட்டு வலிய எடுத்துப்போடும்... வேணாம் பாய், மஞ்சள் வேணாம்... எடுத்துப்போடும் சுவாமி." எந்த வாக்கியம் தமக்கு, எந்த வாக்கியம் பூந்தமல்லியில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் மஸூதுக்கு என்று ஆண்டவர் பிரித்து எடுத்துக்கொள்வார் என்பதில் சற்குணத்துக்கு அசைக்க முடியாத விசுவாசம்.

"தலைய எதுக்குய்யா இவ்ளோ நேரம் வாரிக்கினு கீற? அதான் மூடிக்கினு பூடுறியே" என்பாள் மனைவி ஆக்னஸ். பதில் சொல்ல அவர் வீட்டில் இருக்கமாட்டார்.

இத்தனை ஓட்டத்துக்கும் நடுவே, ஓடாமல் இருப்பது எப்படி என்பதில் இந்த வட்டாரத்துக்கே அவர்தான் நிபுணர். 'அவசர உலகில் அமர்ந்திரு' என்ற தலைப்பில் அவர் பேசாத வாலிபர் கூட்டம் கிடையாது. அடுக்குமாடிகளில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும். "பிஸி பிஸின்றியே தம்பி, சாவு வந்தா மீட்டிங்ல கீறேன், அப்பால வான்னு சொல்லுவியா? உன் வாழ்க்கையில மொத எடம் யாருக்கு? யோசி!" என்று கர்ஜிப்பார். அவர்கள் யோசிப்பதற்காக ஒரு நிமிடம் மௌனம் விடுவார். அந்த மௌனத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார். கடைசிப் பாட்டு தொடங்கும்போது மேடையில் அவருடைய நாற்காலி காலியாக இருக்கும்.

வாரா வாரம் அவர் விசாரிக்கப் போகும் வீடுகளில் ஒன்று வெள்ளானூரில் இருக்கிறது. சுப்பராயன் வீடு. இருவரும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில், ஒரே பிரஸ் மெஷினில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள். நம்புவதற்குக் கஷ்டமாக இருக்கும், அந்தக் காலத்தில் மந்தமானவர் என்று பெயர் வாங்கியவர் சற்குணம்தான். காரப்பொடி மீன் குழம்பு கொண்டுவந்த நாளில் முள் எடுத்தே சாப்பாட்டு நேரத்தைத் தீர்த்துவிடுவார். சங்கு ஊதின பிறகும் சுப்பராயன் எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருப்பார். "மாமே, மெதுவா துன்னு. முள்ளு மாட்டிக்கப்போவுது" என்பார். பிறகு இருவருமாகச் சேர்ந்து போர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

இப்போது சுப்பராயனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு முழுசாகப் போகவில்லை. கோடைக்காலத்து அடிபம்பு மாதிரி, நிறைய அடித்தால் கொஞ்சம் வரும். சற்குணம் வரும்போதெல்லாம் அவர் வாயைத் திறப்பார். "மாமே... நீ..." என்பார். அடுத்த சொல் மேலே ஏறி வருவதற்குள் ஜெபம் முடிந்துபோகும். "அடுத்த வாரம் சொல்லு மாமே. கர்த்தர் பாத்துக்குவாரு." புகை மட்டும் கொஞ்ச நேரம் அறையிலேயே தங்கியிருக்கும்.

அந்த மீதி வாக்கியம் என்ன என்பதைச் சற்குணம் கேட்டதில்லை, ஆனால் அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, "வெள்ளானூர்ல ஒரு ஆத்துமா எங்கிட்ட இன்னாவோ சொல்லத் துடிக்குது. இன்னான்னு எனக்குத் தெரியும். ரட்சிப்புதான்!" என்றார். சபை கை தட்டியது. அவர் கை தட்டல் முடியும்வரை நிற்கவில்லை, நூம்பலில் ஒரு கிரகப்பிரவேச ஜெபம் இருந்தது.

வாதம் இன்னொரு முறை வந்தால் சுப்பராயனுக்கு இருக்கிற பேச்சும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவர் மனைவி சரசா மனதில் வைத்துக்கொண்டிருந்தாள்.

போன சனிக்கிழமை, காட்டுப்பாக்கத்துக் கூட்டத்தில் அமர்ந்திருப்பதைப் பற்றிப் பேசப் போகும் அவசரத்தில், சற்குணம் வெள்ளானூரில் இறங்கினார். ஜெபித்தார். "மாமே... நீ..." என்றார் சுப்பராயன். "ஆமென்" என்றார் இவர். திரும்பினால், வாசலில் சத்தமே இல்லை. ஸ்கூட்டர் அணைந்திருந்தது. சரசா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"இன்னாம்மா இது? அங்க பசங்க எனக்காக வெயிட்டிங்கு!"

"இருக்கட்டும்ணே. இவரு ஆவணியிலேர்ந்து வெயிட்டிங்கு."

"அப்பால நிதானமா வந்து குந்தறேன் தங்கச்சி. சத்தியமா."

"அப்பால இவருக்கு வாய் இருக்குமோ இன்னாவோ. இப்ப குந்துங்க. சொல்லி முடிக்கட்டும்."

இருபது வருஷமாகப் பிறருக்கு உபதேசித்ததை முதல்முறையாகச் செய்யும் துர்பாக்கியம் பிரதர் சற்குணத்துக்கு நேர்ந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாமாகவே ஆடின. தலையைத் தாழ்த்தி, பரிசுத்தமான காத்திருப்பு போலத் தோன்றும்படி வைத்துக்கொண்டார். வரப்போகும் சாட்சியை இன்று மாலைப் பேச்சின் தொடக்கத்தில் வைப்பதா, முடிவில் வைப்பதா என்ற யோசனை உள்ளே ஓடியது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து மஸூதின் குரல் கேட்டது.

"அண்ணே, 'அமர்ந்திரு' சிவப்புல போடவா, நீலத்துலயா? மெஷின் ஓடிக்கினு கீது."

"நீலம் பாய், நீலம்."

"மாமே..." என்றார் சுப்பராயன். மின்விசிறி சுற்றியது. "நீ..."

"சொல்லு மாமே. தைரியமா சொல்லு."

சுப்பராயனின் கழுத்து நரம்பு புடைத்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஹெல்மெட்ட..."

சற்குணத்தின் முழங்கால் நின்றது.

"...கழட்டு. உன்... மூஞ்ச... பாக்கணும்."

சொல்லி முடித்துவிட்டுச் சுமை இறக்கியவர் போல மூச்சு வாங்கினார்.

"இதுக்குத்தானாய்யா?" என்றாள் சரசா. சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

சற்குணத்தின் கை தாடைக்குக் கீழே போய்ப் பட்டையின் கொக்கியைத் தொட்டது. அதைக் கழற்றினால் ஹெல்மெட் வரும். ஹெல்மெட் வந்தால் போன் கீழே விழும்.

"அண்ணே, லைன்ல கீறீங்களா? எழுத்து பெருசா, சின்னதா?"

கை கொக்கியிலேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அங்கிருந்து மேலே ஏறி, கறுப்புக் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டது. இரண்டு கண்ணும் பாதி மூக்கும் தெரிந்தன.

"பாத்துக்கோ மாமே" என்றார். பிறகு, "பெருசாவே போடு பாய்" என்றார்.

சுப்பராயன் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். அப்புறம், வேலை செய்கிற இடது கையை மெத்தையிலிருந்து மெல்லத் தூக்கிக் கொண்டுபோய், அந்தக் கண்ணாடியைப் பிடித்துக் கீழே இழுத்து மூடினார்.